கோட்டைச் சமையலறையும் கைரேகைத் தாள்களும்

ட்யூபிங்கனில் பல்கலைக்கழகம் எங்கே என்று கேட்டால், "எந்தக் கட்டடம் வேண்டும்?" என்று திருப்பிக் கேட்பார்கள். சுற்றுச்சுவர் கிடையாது, நுழைவாயில் வளைவு கிடையாது, அடையாள அட்டை பார்க்கும் காவலர் கிடையாது. ஒரு துறை ஆற்றங்கரைத் தெருவில், ஒன்று பழைய மடாலயத்துக்குப் பக்கத்தில், இன்னொன்று மலைமேல் கோட்டைக்குள். தெற்கு ஜெர்மனியில், ஷ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சுமார் 90,000 பேர் வசிக்கும் இந்த ஊரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மாணவர். 1477இல் தொடங்கிய பல்கலைக்கழகம் ஐந்து நூற்றாண்டுகளாக ஊருக்குள் கலந்து கலந்து, இப்போது எது ஊர், எது வளாகம் என்று பிரிக்க முடியாமல் ஆகிவிட்டது.

அக்டோபரில் ஒரு பயிலரங்குக்காக அங்கே போயிருந்தேன். குடல் நுண்ணுயிர்களின் மரபணுத் தரவைக் கணினியில் அலசுவது எப்படி என்பதுதான் பொருள். திரும்பி வந்ததும், ஊரைப் பற்றி எழுதுங்கள் என்று சிலரும், பயிலரங்கைப் பற்றி எழுதுங்கள் என்று என் மாணவிகளும் கேட்டார்கள். இரண்டையும் தனித்தனியாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அந்த ஊரில் இருக்கும் கோட்டை ஒன்று இரண்டையும் எனக்குள் ஒன்றாகச் சேர்த்துவிட்டது.

முதலில் ஊர். நெக்கார் ஆறு நடுவில் ஓடுகிறது. ஆற்றின் நடுவே நீளமாக ஒரு தீவு. அதில் இரண்டு வரிசையாகப் பிளேன் மரங்கள், இருநூறு ஆண்டு வயதை நெருங்கியவை. நான் போன நேரம் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தன. தட்டையான நீண்ட மரப்படகை ஒருவர் பின்னால் நின்று கழியால் ஊன்றித் தள்ளுகிறார். உள்ளே எட்டுப் பத்துப் பேர் எதிரெதிராக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆற்றிலிருந்து ஏறினால் சந்துகள், செங்குத்தான படிகள். சந்தைச் சதுக்கத்தில் நகரமன்றக் கட்டடம். அதன் நெற்றியில் 1511ஆம் ஆண்டு வானியல் கடிகாரம். அதை வடிவமைத்த யோஹான்னஸ் ஷ்டோஃப்லர் இந்தப் பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியர். வானியலாளர் கெப்ளர் படித்தது இந்த ஊரில். அவருடைய நண்பர் வில்ஹெல்ம் ஷிக்கார்ட் கூட்டிக் கழிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்து 1623இல் கெப்ளருக்குக் கடிதத்தில் விவரித்ததும் இங்கிருந்துதான். நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனித் தொடர்பும் உண்டு. மலையாள அகராதி தொகுத்த ஹெர்மன் குண்டர்ட் ட்யூபிங்கனில் படித்தவர். 1836இல் சென்னையில் வந்து இறங்கி, தமிழ் கற்று, சில காலம் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் இருந்துவிட்டு, பிறகுதான் தலச்சேரிக்குப் போனார். அவர் சேர்த்த சுவடிகளும் கையெழுத்துப் படிகளும் இப்போது ட்யூபிங்கன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அவருடைய பேரன் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே. பையன் 1895இல் இதே ஊரில் ஒரு புத்தகக் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். ஹெக்கன்ஹவர் என்ற அந்தக் கடையின் வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

ஆற்றோரம் மஞ்சள் வண்ணத்தில் ஒரு வட்டக் கோபுர வீடு இருக்கிறது. படங்களில் ட்யூபிங்கன் என்றால் அதுதான் வரும். கவிஞர் ஹோல்டர்லின் வாழ்ந்த வீடு. அவருக்கு மனநிலை பிறழ்ந்தது என்று 1806இல் இந்த ஊர் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு, இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை, அதிகம் போனால் மூன்று ஆண்டு இருப்பார் என்று சொல்லி வெளியே விட்டார்கள். அவரை வீட்டுக்கு அழைத்துப்போனவர் எர்ன்ஸ்ட் ட்ஸிம்மர் என்ற தச்சர். ஹோல்டர்லின் எழுதிய நாவலைப் படித்து மனம் ஒன்றியவர். மூன்று ஆண்டு என்று கெடு வைக்கப்பட்டவர் அந்தக் கோபுர அறையில் 36 ஆண்டுகள் வாழ்ந்தார். தச்சர் 1838இல் இறந்தபின் அவர் மகள் லோட்டே பார்த்துக்கொண்டார். பேராசிரியர்கள் நிறைந்த ஊரில், கைவிடப்பட்ட ஒரு நோயாளியை மனிதராக வைத்துப் பார்த்தது ஒரு தச்சர் குடும்பம். இது எனக்கு அடுத்த நாட்களில் பலமுறை நினைவுக்கு வந்தது.

பயிலரங்கில் உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்த ஆய்வாளர்கள். காலையில் வகுப்பு, மதியத்துக்குப் பின் அவரவர் தரவோடு மடிக்கணினியில் பயிற்சி. நாங்கள் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று, இதே பல்கலைக்கழகத்தில் டேனியல் ஹூஸன் குழு உருவாக்கிய மெகன். 2007இல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. எங்கள் கல்லூரி ஆய்வகத்திலும் பல ஆண்டுகளாகப் புழங்கும் மென்பொருள் என்பதால், அது பிறந்த ஊரில் உட்கார்ந்து அதை இயக்கியது எனக்குத் தனி மகிழ்ச்சி.

துறைக்கு வெளியே இருக்கிறவர்களுக்காக ஒரு சிறிய விளக்கம். நாங்கள் செய்வது இதுதான்: ஊர்களில் இருக்கும் பெண்களிடமிருந்து மல மாதிரி வாங்குகிறோம். அதிலுள்ள டி.என்.ஏ. முழுவதையும் பிரித்தெடுத்து இயந்திரத்தில் வாசிக்கிறோம். 150 எழுத்து நீளமுள்ள துண்டுகளாக, ஒரு மாதிரிக்குக் கோடிக்கணக்கில் வரும். எந்தத் துண்டு எந்த பாக்டீரியாவுடையது என்று கணினி அடையாளம் காட்டும். ஊட்டச்சத்துக் குறைவுக்கும் குடலில் வாழும் உயிர்களுக்கும் உள்ள தொடர்பு அதிலிருந்து தெரியவரும். எங்கள் நோக்கம் அதுதான். ஆனால் வரும் துண்டுகள் எல்லாம் பாக்டீரியாவுடையவை அல்ல. குடற்சுவரிலிருந்து உதிர்ந்த செல்கள் வழியாக, மாதிரி கொடுத்த அந்தப் பெண்ணின் டி.என்.ஏ.வும் கொஞ்சம் வந்துவிடும். மலத்தில் இது மிகக் குறைவு. எச்சிலில் எடுத்தால் பெரும்பகுதி மனிதருடையதாகவே இருக்கும். தரவைப் பொதுக் கிடங்கில் ஏற்றுமுன், மனிதத் துண்டுகளை அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும்.

இந்தப் பொறுக்கும் வேலைக்கு ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். வழக்கமாக யாரும் அதிக நேரம் செலவழிக்காத படி இது. மனிதக் குறிப்பு மரபணுத்தொகுதி ஒன்று இருக்கிறது. அதோடு பொருந்தும் துண்டுகளை நீக்கிவிடுவது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் குறிப்புத் தொகுதி யாருடையது? உலகம் முழுக்கப் பயன்படுத்தியதில் ஏறத்தாழ 70 விழுக்காடு ஒரே மனிதரிடமிருந்து வந்தது. 1997இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் செய்தித்தாள் விளம்பரம் பார்த்து இரத்தம் கொடுத்த, பெயர் வெளியிடப்படாத ஒருவர். அதில் 8 விழுக்காடு அளவுக்கு இடைவெளி இருந்தது. 2022இல்தான் விடுபடாத முழு வரிசை வெளிவந்தது. அந்த இடைவெளிக்குள் விழும் துண்டுகளும், பஃபலோக்காரரிடம் இல்லாமல் எங்கள் ஊர்ப் பெண்களிடம் மட்டும் இருக்கும் துண்டுகளும் பழைய சல்லடையில் சிக்காமல் நழுவிவிடும். அவை 'அடையாளம் தெரியாத நுண்ணுயிர்' என்ற பெயரில் பொதுக் கிடங்கில் போய் உட்கார்ந்திருக்கும்.

உட்கார்ந்தால் என்ன? 2023இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரையை அன்று எடுத்துப் பேசினார்கள். குடல் நுண்ணுயிர்த் தரவில் இருக்கும் அந்தக் கொஞ்சநஞ்ச மனிதத் துண்டுகளை வைத்தே, கொடுத்தவர் ஆணா பெண்ணா, எந்த வம்சாவளி என்று சொல்ல முடிந்திருக்கிறது. அவருடைய மரபணு விவரம் வேறெங்காவது இருந்தால், இந்த மாதிரி இன்னாருடையது என்று பொருத்தவும் முடிந்திருக்கிறது. அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு போர்ச்சுகலில் இருந்து வந்திருந்த ஒரு பெண் கேட்டார்: "பழைய மாதிரிகளுக்கு என்ன செய்வது? அந்த மக்கள் நமக்குக் கொடுத்தது பாக்டீரியாவைத்தானே? தங்களைக் கொடுக்கவில்லையே."

அன்றைய நிகழ்ச்சி நிரல் அதோடு ஒதுங்கிக்கொண்டது. வகுப்பு எடுத்தவர் அதை விட்டுவிட்டு விவாதத்தைத் தொடர விட்டார். அதற்காக அவரை மனதாரப் பாராட்டுகிறேன். நம் ஊர்ப் பயிலரங்குகளில் கேள்வி நேரம் என்பது கடைசி ஐந்து நிமிடம். அதுவும் தேநீர் ஆறிவிடும் என்று வெட்டப்படும். மதியம் ஓய்வு என்று அறிவித்து, "கோட்டைக்குப் போய்வாருங்கள். அங்கே பார்த்ததை வைத்து நாளை பேசலாம்" என்றார்கள்.

சந்தைச் சதுக்கத்திலிருந்து கல் பாவிய ஏற்றத்தில் ஏறினால் ஹோஹென்ட்யூபிங்கன் கோட்டை. இப்போது அங்கே அருங்காட்சியகமும் தொல்லியல் போன்ற சில துறைகளும் இருக்கின்றன. மேல் தளத்தில், ஊருக்குக் கிழக்கே மலைக் குகைகளில் கிடைத்த மாமூத் தந்தச் சிற்பங்கள் இருக்கின்றன. அவற்றில் ஐந்து சென்டிமீட்டர்கூட நீளம் இல்லாத ஒரு காட்டுக்குதிரை. சுமார் 40,000 ஆண்டு பழையது. அதன் கழுத்தின் வளைவு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அதைப் பற்றி மட்டுமே ஒரு பதிவு எழுதலாம். இங்கே அதற்கு இடமில்லை. நான் தேடிப் போனது கீழே இருக்கும் பழைய சமையலறையை.

வளைவுக் கூரை, தடித்த கல்சுவர், குறுகிய சன்னல். 1868இல் இந்த ஊருக்கு வந்தவர் ஃப்ரீட்ரிஷ் மீஷர். ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்து இளைஞர், வயது 24. மருத்துவம் படித்தவர். காது சரியாகக் கேட்காது என்பதால் நோயாளிகளைப் பார்க்கும் வேலை ஒத்துவராது என்று வேதியியல் பக்கம் திரும்பியிருந்தார். ஹீமோகுளோபினுக்கு அந்தப் பெயரை வைத்த ஃபெலிக்ஸ் ஹோப்பே-சைலர் அப்போது ட்யூபிங்கனில் இருந்தார். அவருடைய ஆய்வகமே இந்தக் கோட்டைக்குள்தான். மீஷருக்குக் கிடைத்த இடம் சமையலறை.

உயிருள்ள செல்லுக்குள் என்ன இருக்கிறது என்று வேதியியல் வழியாகப் பார்க்க வேண்டும். அதற்குச் செல்கள் ஏராளமாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடைக்க வேண்டும். சீழில் வெள்ளணுக்கள் அப்படித்தான் இருக்கும். பக்கத்து அறுவை மருத்துவமனையிலிருந்து, புண்களில் கட்டிய துணிகளை வரவழைத்தார். நாற்றமெடுத்துக் கெட்டுப்போனவற்றை ஒதுக்கினார். மற்றவற்றை உப்புக் கரைசலில் அலசி, துணியிலிருந்து செல்களைப் பிரித்தார். பன்றி இரைப்பையிலிருந்து எடுத்த பெப்சினால் புரதத்தைக் கரைத்தார். மிஞ்சியது உட்கரு. அதிலிருந்து ஒரு வெண்படிவைப் பெற்றார். புரதம் போல அது நடந்துகொள்ளவில்லை. பாஸ்பரஸ் நிறைய இருந்தது. 1869இல் அதற்கு நியூக்ளீன் என்று பெயரிட்டார். இன்று டி.என்.ஏ. என்கிறோமே, அதை மனிதர் முதன்முதலில் பிரித்தெடுத்தது அந்தக் கட்டுத்துணிகளிலிருந்து, அந்தச் சமையலறையில். ஹோப்பே-சைலருக்கு நம்பிக்கை வரவில்லை. தானே எல்லாச் சோதனையையும் திரும்பச் செய்து பார்த்த பிறகே வெளியிட ஒத்துக்கொண்டார். கட்டுரை 1871இல் வந்தது. மீஷர் பிறகு பாசலுக்குத் திரும்பி, சால்மன் மீனின் விந்தணுவிலிருந்து அதே பொருளைத் தூய்மையாக எடுத்தார். கெட்டுப்போகாமல் இருக்கக் குளிர் வேண்டும் என்பதற்காகச் சூடேற்றாத அறைகளில் வேலை பார்த்தார். காசநோயால் 1895இல் இறந்தார். அவர் எடுத்த சால்மன் நியூக்ளீன் ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் இன்றும் ட்யூபிங்கனில் இருக்கிறது.

எங்கள் துறையில் இருக்கிறவர்களுக்கு அது கோயில் மாதிரி ஓர் இடம். எனக்கும் நெஞ்சு நிறைந்தது, மறைக்கவில்லை. விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், ஒரு சமையலறையில், பொறுமையையும் கை நுட்பத்தையும் வைத்துச் செய்த வேலை. ஆனால் காலையில் கேட்ட கேள்வி கூடவே வந்திருந்தது. அந்தச் சீழ் யாருடையது? கால் முறிந்த விவசாயியுடையதா, ஆலையில் கை நசுங்கிய தொழிலாளியுடையதா? மீஷரின் பெயர் சுவரில் இருக்கிறது, ஆசிரியரின் பெயர் இருக்கிறது. துணியை விட்டுச்சென்றவர்களின் பெயர் ஒன்றுகூட எங்கும் இல்லை. மீஷரைக் குறை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அப்படி ஒரு கேள்வி எழுந்திருக்க வாய்ப்பில்லை. தூக்கி எறியும் துணியை எடுத்துக்கொண்டதில் யாருக்கும் தீங்கும் இல்லை.

தீங்கு அதே கோட்டைக்குள் பிறகு வந்தது. 1930களில், நாஜி ஆட்சியில், பல்கலைக்கழகத்தின் இனவியல் ஆய்வு நிறுவனம் இந்தக் கோட்டையில் இயங்கியது. தலைவர் வில்ஹெல்ம் கீஸலர். அங்கே பணிபுரிந்த ஹான்ஸ் ஃப்ளைஷ்ஹாக்கர், போலந்தின் லோட்ஸ் நகரத்தில் அடைத்துவைக்கப்பட்டிருந்த யூதர்களின் உள்ளங்கைப் பதிவுகளை ஆராய்ந்து, யூதர்களின் கைரேகை தனி வகை என்று காட்ட முயன்ற ஆய்வேட்டை 1943இல் இதே பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தார். விரிந்த கைகள், மையில் ஒற்றிய வரிகள். அந்தக் கைகளுக்கு உரியவர்களில் பெரும்பாலோர் கொலை முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அதே ஆண்டு அவர் ஆஷ்விட்ஸுக்குப் போய், எலும்புக்கூட்டுச் சேகரிப்புக்காகக் கொல்லப்படவிருந்த யூதர்களை அளவெடுத்த குழுவிலும் இருந்தார். போர் முடிந்தபின் பல்கலைக்கழகப் பணிக்குத் திரும்பினார். 1971இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. பல்கலைக்கழகம் இதை மூடிவைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2015இல் அவரைப் பற்றிய கண்காட்சியைக் கோட்டை அருங்காட்சியகத்திலேயே நடத்தினார்கள்.

டி.என்.ஏ. முதலில் கையில் அகப்பட்ட இடமும், ரத்தத்திலும் ரேகையிலும் இனத்தைத் தேடிய இடமும் ஒரே கூரையின் கீழ். சமையலறையிலிருந்து கைரேகைத் தாளுக்கு நேர்க்கோடு போட முடியாது; போடவும் கூடாது. மீஷர் அறிய விரும்பியது செல் எதனால் ஆனது என்பதை. ஃப்ளைஷ்ஹாக்கர் ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுக்குச் சான்று தேடினார். இரண்டும் வேறு. ஆனாலும் ஒன்று மட்டும் பொதுவாக இருக்கிறது: உடலிலிருந்து வந்த பொருள் மேசைக்கு வந்த அந்தக் கணமே அதன் உரிமையாளர் காணாமல் போய்விடுகிறார். இந்தப் பழக்கம் நல்ல ஆய்வகத்திலும் இருக்கிறது, என் ஆய்வகத்திலும் இருக்கிறது. கெட்ட கையில் அது எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தெரிந்துகொள்ள, ஊரின் இன்னொரு பக்கத்துக்கு நடந்தேன்.

நகர இடுகாடு. ஹோல்டர்லின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. தேடி வருகிறவர்கள் உண்டு. ஒரு ஓரத்தில், பத்து என்ற ரோமன் எண்ணால் குறிக்கப்படும் ஒரு பகுதி. பல்கலைக்கழக உடற்கூறியல் நிறுவனத்தில் மாணவர்கள் அறுத்துப் படித்த உடல்களைப் புதைத்த இடம். நாஜி காலத்தில் அங்கே வந்த உடல்களில் நூற்றுக்கணக்கானவை தூக்கிலிடப்பட்டவர்கள், கட்டாய உழைப்புக்காகப் போலந்திலிருந்தும் சோவியத் நாட்டிலிருந்தும் இழுத்துவரப்பட்டவர்கள், போர்க்கைதிகள் ஆகியோருடையவை. அவர்களிடமிருந்து எடுத்த உறுப்பு மாதிரிகள் போருக்குப் பிறகும் பல்லாண்டுகள் வகுப்பறையில் இருந்தன. மாணவர்கள் கேள்வி எழுப்பிய பிறகு 1990இல் அவற்றையும் இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். உலோகப் பலகைகளில் பெயர்கள். ஒவ்வொன்றாகப் படித்தேன். இறந்து பல பத்தாண்டுகள் கழித்துத் தேடிச் சேர்த்த பெயர்கள்.

அங்கே நின்றபோது எழும்பூர் நினைவுக்கு வந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், அருங்காட்சியகம் பார்க்க வந்த நம் மக்களையே நிறுத்தி மூக்கையும் தலையையும் அளந்தவர். அளவுகளும் வழக்காறுகளும் சேர்ந்து 1909இல் ஏழு தொகுதிகளாக வந்தன. இன்றும் நம் ஆய்வேடுகளில் அவை மேற்கோளாகின்றன. வயநாட்டுக்கு அவர் போனபோது, தங்களில் நல்ல உடற்கட்டு உள்ளவர்களைப் பிடித்துப் பஞ்சடைத்து அருங்காட்சியகத்தில் வைக்கப்போகிறார் என்று பணியர் பழங்குடிப் பெண்கள் பயந்தார்களாம். அவரே எழுதியிருக்கிறார், வேடிக்கையான செய்தியாக. அந்தப் பெண்களின் பயம் வேடிக்கையானது என்று இப்போது என்னால் நினைக்க முடியவில்லை. கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பவரிடம் என்ன கேட்க வேண்டுமோ அதைத்தான் அவர்கள் கேட்டிருக்கிறார்கள்: எங்களை வைத்து என்ன செய்யப் போகிறாய்?

அன்று இரவு, அங்கே முனைவர் பட்டம் செய்யும் புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். "அக்கா, இன்னைக்கு நான் சமைக்கல. இந்த ஊர்ச் சாப்பாடு ஒண்ணு உங்களுக்குப் பிடிக்கும், வாங்க" என்று கீழ்ச்சந்தில் ஒரு சின்ன உணவகத்துக்கு அழைத்துப்போனார். வேகவைத்த பருப்பு, லேசான புளிப்போடு, ஷ்பேட்ஸ்லே என்ற மாவுத் துண்டுகளின் மேல். கூட வைக்கும் தொத்திறைச்சியை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். மலைப்பாங்கான, ஏழ்மையான நிலத்துக்காரர்களின் உணவு என்று தெரிகிறது. பருப்பையும் மாவையும் வைத்து வயிற்றை நிரப்பக் கற்றவர்கள். மனதுக்கு இதமாக இருந்தது. தம்பியிடம் பகலில் பார்த்ததைச் சொன்னேன். அவர் பழைய டி.என்.ஏ. பக்கம் வேலை செய்கிறவர். அந்த ஊர்க் குழு 2017இல் எகிப்திய மம்மிகளின் மரபணுவை வாசித்ததைப் பற்றிப் பேசினார். 151 பேரின் எச்சங்களை ஆராய்ந்த வேலை அது. "அவங்க கிட்ட யாரு போய்க் கேக்கறது அக்கா?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கேக்க முடியாதவங்கன்னா நாம ரெண்டு மடங்கு கவனமா இருக்கணும். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது" என்றார். வயதில் சிறியவர். ஆனால் கடைசி நாள் விவாதத்தில் நான் பேசியதற்கு அடித்தளம் அந்த வாக்கியம்தான்.

கடைசி நாள் விவாதம் நன்றாகப் போனது. புதிய முழுமையான மனிதத் தொகுதியை வைத்து, எங்களிடமிருக்கும் பழைய தரவை மறுபடி சலிக்க முடியுமா என்று சேர்ந்து முயன்று பார்த்தோம். முடிகிறது, கணினி நேரம்தான் அதிகம் பிடிக்கிறது. ஒரே ஒரு குறிப்புத் தொகுதி போதாது, பல மக்களிடமிருந்து எடுத்த தொகுதிகளைச் சேர்த்து வைத்துச் சலிக்க வேண்டும் என்றும் முடிவுக்கு வந்தோம். கென்யாவிலிருந்து வந்தவரும் நானும் இதில் ஒரே குரலில் நின்றோம். எங்கள் மக்களின் துண்டுகள்தான் சல்லடையிலிருந்து அதிகம் நழுவக்கூடியவை.

மென்பொருளால் ஆகிற வேலை அதோடு முடிந்தது. ஆகாத வேலை ஊரில் காத்திருந்தது. எங்கள் ஒப்புதல் படிவம் தமிழில்தான் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் அதைக் கட்டாயமாக்குகின்றன. படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்தும் காட்டுகிறோம். சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் அதில் குடல் நுண்ணுயிர் என்று இருக்கிறதே தவிர, உங்கள் சொந்த உடலின் எழுத்துகளும் இதில் கொஞ்சம் வரும், அதை நாங்கள் நீக்குவோம், நீக்கினாலும் சிறிது மிஞ்சலாம், இந்தத் தரவு உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும் இடத்துக்குப் போகும் என்ற நான்கு செய்திகளும் இல்லை. ஊர் திரும்பியதும் அவற்றைச் சேர்த்து, கல்லூரி நெறிமுறைக் குழுவின் முன் வைத்தேன். மனிதத் துண்டுகளை நீக்கியதற்கான கணக்கு இல்லாமல் எங்கள் ஆய்வகத்திலிருந்து எந்தத் தரவும் பொதுக் கிடங்குக்குப் போகாது என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

திருத்திய படிவத்தை முதலில் எங்களோடு களத்தில் வேலை செய்யும் கிராமச் செவிலியரிடம் காட்டினேன். அவர் அதை எடுத்துக்கொண்டு போய், மாதிரி கொடுத்த பெண்களைக் கூட்டி வாசித்துக் காட்டியிருக்கிறார். பிறகு தொலைபேசியில் கூப்பிட்டார். "நீங்க எழுதுனதெல்லாம் புரிஞ்சுதுங்காங்க மேடம். அதுக்கெல்லாம் சரின்னுட்டாங்க. அவங்க கேக்கது ஒண்ணே ஒண்ணுதான். போன தடவை கொண்டுபோனீங்களே, அதுல என்ன இருந்துதுன்னு எங்ககிட்ட யாரும் வந்து சொல்லலியே, இந்தத் தடவையாவது வந்து சொல்லுவாங்களான்னு கேக்காங்க."

அதற்கான அறிக்கையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பக்கம், படங்களோடு, யாருடைய பெயரும் வெளியே தெரியாமல், ஒவ்வொருவருக்கும் அவரவர் மாதிரியில் இருந்ததைத் தனித்தாளில் கொடுப்பதாகத் திட்டம். பொங்கலுக்கு முன் ஊர்ச் சாவடியில் கூட்டம் போட நாள் பார்த்திருக்கிறோம். என் மாணவிகள் நால்வர் பேசுகிறார்கள். ட்யூபிங்கனுக்குப் போக வாய்ப்புக் கிடைக்கிறவர்கள் கோட்டைச் சமையலறைக்கு அரை நாள் ஒதுக்குங்கள். இடுகாட்டின் அந்த ஓரத்துக்கும் போய்வாருங்கள்.